2025 ஆண்டறிக்கை: கோப்பையோடு களத்தையும் எடுத்துப் போகலாமா?

தலைவர், உறுப்பினர்கள், அணிகளின் வழிகாட்டிகள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது, புதிதாக இரண்டு அணிகள் சேர்ந்தன, பயிற்சிக் களத்தின் தரைவிரிப்பு இன்னொரு வருஷம் தாங்கும். சரி, மீதி அறிக்கை முழுக்க ஒரே விஷயம்தான்: போட்டி முடிந்ததும் களத்திலிருந்து ஞாபகப் பொருள் எடுத்துப் போகலாமா என்பது. இந்த ஆண்டு எனக்கு வந்த புகார்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே.

ஃபர்ஸ்ட் என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டிகளின் பருவம் முடிந்ததும் நாம் நடத்தும் நட்புப் போட்டியில் வழக்கம்போல அந்த ஆண்டின் ஆட்டம், அதாவது பவளத்திட்டின் கிளைகளில் ரோபோக்கள் பவளங்களைச் செருகும் ரீஃப்ஸ்கேப். இறுதி ஆட்டம் முடிந்து வென்ற கூட்டணியின், அதாவது சேர்ந்து ஆடிய மூன்று அணிகளின் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தபோது, "ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். நான் நினைத்தது பவளத்தை. அது வெறும் பிவிசி குழாய்த் துண்டு, போனால் இன்னொன்று அறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பையன் கழற்றிப் போனது 18-ஆம் எண் ஏப்ரல்டேக்.

அதுவும் அச்சடித்த ஒரு அட்டைதானே என்று தோன்றும். களத்தில் அப்படி 22 அட்டைகள் இருக்கின்றன, அவற்றை கேமராவில் பார்த்துத்தான் ரோபோ தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. அடுத்த பயிற்சி நாளில் நீலப் பவளத்திட்டின் அந்த ஒரு முகத்தில் மட்டும் ரோபோ தடுமாற, பிள்ளைகள் இரண்டு மணிநேரம் நிரலைத் திட்டிக்கொண்டே திருத்தினார்கள். கடைசியில் ஒருவர் கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் பலகை!

இதற்கப்புறம் எதையுமே கொடுக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்பை அணியின் அலமாரிக்குப் போய்விடுகிறது, பள்ளி முடித்துப் போகிற பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? அதோடு ஆட்டம் வருஷா வருஷம் மாறுகிறது. 2018-இன் மஞ்சள் உறை போட்ட பால் கூடைகள், 2019-இன் ஆரஞ்சுப் பந்துகள், 2024-இன் நுரை வளையங்கள், இவையெல்லாம் நம் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதை விட யாராவது வீட்டில் இருக்கட்டுமே. ஆனால் நடப்பு ஆட்டத்தின் பொருள்கள் ஜனவரியில் புது ஆட்டம் வரும்வரை பயிற்சிக்கு வேண்டும். பருவத்தின் நடுவில் என்றால் அதே களத்தை மூட்டை கட்டி அடுத்த போட்டிக்கு ஏற்றுகிறார்கள், அங்கே ஒன்று குறைந்தாலும் அவர்கள்தான் அல்லாட வேண்டும். சுற்றுச்சுவர், கேபிள், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் எந்த ஆட்டம் வந்தாலும் வேண்டியவை, அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆகவே செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானம்: ஆட்டப் பொருள் மட்டும், கிழிந்ததும் நசுங்கியதும் முதலில், களப் பொறுப்பாளர் எண்ணிப் பார்த்துத் தன் கையால் கொடுக்க வேண்டும். தோற்ற அணி கேட்டாலும் உண்டு. நள்ளிரவு வரை ஸ்பேனரோடு களத்தைப் பிரிக்கிற தன்னார்வலர்களுக்கும் உண்டு, அவர்களை இத்தனை நாள் யாரும் கேட்டதே இல்லை.

அந்தப் பையன் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தான். கூட்டணியின் மூன்று அணிகளும் அதன் மேல் மார்க்கரில் கையெழுத்துப் போட்டிருந்தன, கறுப்புக் கட்டம் வெள்ளைக் கட்டம் எதையும் விடவில்லை. புதிதாக ஒன்றை அச்சடித்து ஒட்டிவிட்டு, பழையதை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

செயலாளர்