என் டைகர் மாத்தைப் பறக்க வைத்தவர்களுக்கு

ஐந்து மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்த பால்சா என்ற லேசான மரக்கட்டைகள், டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் ரிமோட் மாடலாகி, போன புரட்டாசிச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு வெளியே ஒரு காலி வயலில் பறந்துவிட்டன. "நீயே கட்டினாயாமே" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், எனக்கோ கூச்சம். அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் மனைவிக்கு. ஐந்து மாதம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டவள். அதற்கு மேல் எழுதினால் திட்டுவாள்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா இல்லையென்றால் இறக்கைகள் சுருக்கம் விழுந்தே நின்றிருக்கும். இறக்கை மேல் போர்த்தும் பிளாஸ்டிக் பிலிமை இஸ்திரி வைத்து ஒட்டும்போது பாதியில் லோட் ஷெடிங் மின்வெட்டு, சூடு ஆறிப்போய் மேல் இறக்கையில் அலை அலையாகக் கோடு. அவர் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, "இறக்கையைத் தூக்கிட்டு வா தம்பி" என்றார். போனதும் இஸ்திரியைப் பிடுங்கிக்கொண்டார். வளைவான முனையில் பிலிமை முதலில் இழுத்துப் பிடித்து ஓரத்தை மட்டும் ஒட்டிவிட்டு நடுவை அப்புறம் சூடாக்க வேண்டுமாம், ரவிக்கைக் கைக்கு வைக்கிற வித்தைதான் என்றார். கையேட்டில் இருந்த நாலு பக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

இப்போது மாமா. முப்பது வருடமாக மாடல் விமானம் ஓட்டுகிறவர். எல்லாம் முடிந்து நான் பெருமையாகக் காட்டியபோது மேல் இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினார், வால் தொப்பென்று கீழே போனது. எடைமையம், அதாவது விமானம் சமனாக நிற்க வேண்டிய இடம், அதை எங்கிருந்து அளந்தாய் என்றார். இறக்கை முனையிலிருந்து என்றேன். சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை, முனையில் முன்விளிம்பே பின்னால் தள்ளி இருக்கும், அங்கிருந்து அளந்தால் எடைமையக் குறியும் பின்னுக்குப் போய்விடும், நடுவில்தான் அளக்க வேண்டும். போதாததற்கு 1931இல் பறந்த அசலுக்கு மூக்கில் கனமான ஜிப்சி எஞ்சின் இருந்தது, நம்முடையதில் இருப்பது உள்ளங்கையளவு மின்மோட்டார். வால் (Vaal) ஆற்று அணைப் பக்கம் மீன் பிடிக்கப் போகும் என் தம்பி தன் தூண்டில் ஈயக்குண்டுகளைக் கொடுத்தான், மூக்குக்குள் 160 கிராம் ஒட்டினோம். தம்பி, அவை இனி திரும்பி வராது.

மாமா இன்னும் இரண்டு காரியம் செய்தார். இங்கே கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறோம், காற்றடர்த்தி கடலோர டர்பனைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒரு அளவு பெரிய புரொப்பெல்லர் மாட்டி, வாட் மீட்டர் வைத்து மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைப் பார்த்த பிறகே சரி என்றார். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஏலரான் இதில் கீழ் இறக்கையில் மட்டும்தான். கீழே இறங்குகிற ஏலரான் காற்றை இழுத்து மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பும் என்பதால் மேலே அதிகம் கீழே குறைவாக அசையும்படி கையில் பிடிக்கும் ரிமோட்டில் மாற்றிக் கொடுத்தார். முக்கியமானதைச் சொல்லவில்லையே, ஆகஸ்ட் முழுக்க "இன்றைக்குக் காற்று, வேண்டாம்" என்று ஐந்து வாரம் என்னைத் திருப்பி அனுப்பினார். அப்போது கோபம் வந்தது, மாமா. மன்னியுங்கள்.

அவர் எட்டு வயதுப் பேத்திக்குத் தனி நன்றி. வயலில் விமானத்தின் பின்னால் நின்று, "தாத்தா, அங்கிள் குச்சியை வலது பக்கம் தள்ளுறாங்க, இடது பக்கத்துதுதானே மேலே போகுது?" என்று கேட்டாள். ஏலரானை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ தலைகீழாக வேலை செய்தது, வலது பக்கத்து ஏலரான்தான் மேலே போக வேண்டும். இரண்டு பெரியவர்கள் பார்த்தும் பார்க்காதது. அப்படியே கிளப்பியிருந்தால் பத்து நொடியில் விறகு.

மூன்று நிமிடம் நாற்பது நொடி பறந்தது. இறங்கும்போது புல்லில் சக்கரம் சிக்கி மூக்கைக் குத்தி, புரொப்பெல்லர் உடைந்தது, வேறு சேதம் இல்லை. புரட்டாசி என்பதால் பிராய் என்ற இந்த ஊர் இறைச்சிச் சுடல் கிடையாது, வடையும் தேநீருமாக முடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம்.

அக்கா, உங்கள் இஸ்திரித் துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன்.