தி க்யூர் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மகள் கல்லூரி விழாவில் தி க்யூர் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘எ ஃபாரஸ்ட்’ பாட்டைப் பேஸ் கிட்டாரில் வாசிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். நம் வயதுக்காரர்கள் கேட்ட பாட்டை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே தேடிப் பிடித்தது எனக்குச் சந்தோஷம். நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். எல்லா நோட்டும் சரியாக வாசித்தும் அவளுக்கு ஏன் அந்தச் சத்தம் வரவில்லை என்பது ஒன்று. ஆள் மாறிக்கொண்டே இருந்தும் இந்தக் குழு இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மற்ற குழுக்களில், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் பின்னால் நின்று தாங்கிப்பிடிக்கும். இவர்களிடம் மெட்டே பேஸில்தான் இருக்கும். கிட்டாரும் கீபோர்டும் அதற்கு மேலே மெல்லப் படரும்.

முதலில் ஊர், பேர் விஷயம். லண்டனுக்குத் தெற்கே சசெக்ஸில் க்ராலி என்று ஒரு புதுநகரம். அங்கே பள்ளிக்கூடத்துப் பையன்களாக 1976-ல் வேறு பெயரில் தொடங்கி, 1978-ல் தி க்யூர் ஆனார்கள். ராபர்ட் ஸ்மித் கிட்டாரும் பாட்டும், மைக்கேல் டெம்ப்சி பேஸ், லால் டோல்ஹர்ஸ்ட் டிரம்ஸ். 1979-ல் முதல் ஆல்பம் ‘த்ரீ இமேஜினரி பாய்ஸ்’ வந்தது. எந்தப் பாட்டு இடம்பெறும், அட்டையில் என்ன படம் என்பதையெல்லாம் ஃபிக்‌ஷன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பாரியே முடிவு செய்தார். அட்டையில் மூன்று பேர் முகம் கிடையாது; ஒரு விளக்கு, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு தூசி உறிஞ்சும் கருவி. பாட்டின் பெயர்களுக்குப் பதிலாகவும் சின்னச்சின்னப் படங்கள்தான். ஸ்மித்துக்கு அது அறவே பிடிக்கவில்லை. இனி எல்லாவற்றையும் நானே தீர்மானிப்பேன் என்ற பிடிவாதம் அங்கே பிறந்தது. இதை நினைவில் வை, பின்னால் டிக்கெட் விவகாரத்தில் மறுபடி வரும்.

அந்த ஆளின் குணம் தெரிய ஒரு சின்ன விஷயம் போதும். முதல் ஆல்பம் சமயத்தில் நல்ல கிட்டார் வேண்டும் என்று பாரி சொல்ல, ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் வாங்கினார்கள். ஸ்மித் செய்த முதல் காரியம், தன்னுடைய பழைய மலிவு கிட்டாரிலிருந்த பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) கழற்றிப் புது ஜாஸ்மாஸ்டரில் பொருத்தியது. வுல்வொர்த்ஸ் கடையில் விற்ற ‘டாப் 20’ என்ற கிட்டார் அது. பாரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்!

1979 கடைசியில் டெம்ப்சி போய் சைமன் கேலப் வந்தார். கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. 1980-ல் ‘செவன்டீன் செகண்ட்ஸ்’. தயாரிப்பு ஸ்மித்தும் மைக் ஹெட்ஜஸும் சேர்ந்து. உன் மகள் வாசிக்கும் பாட்டு அதில்தான் வருகிறது. அடுத்த வருஷம் ‘பிரைமரி’ என்று ஒரு பாட்டு. அதில் ஸ்மித்தும் பேஸ், கேலப்பும் பேஸ். வழக்கமான கிட்டாரே கிடையாது. இரண்டு பேஸ் போதும் என்று துணிந்த குழு வேறு எது இருக்கிறது, சொல்.

சரி, அவள் பிரச்சினைக்கு வருவோம். பாட்டின் பெரும்பகுதி ஏ மைனர், சி, எஃப், டி மைனர் என்ற நான்கு கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஓடுகிறது. வேகம் நிமிடத்துக்கு 160 தாள அடிக்கு அருகே. ஒரு அடிக்கு இரண்டு விழும் எட்டாம்பாக நோட்டுகள் என்பதால் நிமிடத்துக்கு 320 தட்டு. விரலால் வாசித்தால் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு மாதிரி விழும். பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) வைத்தே வாசிக்கச் சொல். கீழ்நோக்கிய அடியாகவே முழுப்பாட்டும் வாசிக்க முடிந்தால் உத்தமம், கை வலித்தால் மேலும் கீழுமாக வாசிக்கட்டும். ஆனால் மேலடி மெலிந்துவிடக் கூடாது. பிக்கை பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கம் நகர்த்தினால் சத்தம் கறாராக வரும். கழுத்துப் பக்கம் வாசித்தால் உருண்டை உருண்டையாக வந்து டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கோடு கலந்து காணாமல் போய்விடும்.

அடுத்தது ஃபிளேஞ்சர், சத்தத்தை மெல்ல அலையவைக்கும் கருவி. கேலப்பின் கையெழுத்து அதுதான். பாஸ் கம்பெனியின் பிஎஃப்-2 என்ற, காலால் மிதித்து இயக்கும் பெடலில் மேனுவல், டெப்த், ரேட், ரெசொனன்ஸ் என்று நான்கு குமிழ் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் டெப்த்தையும் ரெசொனன்ஸையும் முழுக்கத் திருப்பிவிட்டு, ஜெட் விமானம் போகிற மாதிரி சத்தம் வந்தால் சரி என்று நினைக்கிறார்கள். தப்பு. ஃபிளேஞ்சர் செய்வது இவ்வளவுதான்: சத்தத்தின் ஒரு நகலைச் சில மில்லி செகண்ட் தாமதித்து மூலத்தோடு சேர்க்கிறது, அந்தத் தாமதத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கிறது. சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஆழமாக வைத்தால் அந்தப் பள்ளங்கள் அடிச்சத்தத்திலேயே விழுந்து, பேஸில் அடிவயிறு இல்லாமல் போய்விடும். ரெசொனன்ஸை முதலில் பூஜ்யத்தில் வை. ரேட் மிக மெதுவாக. டெப்த் பாதிக்குக் கொஞ்சம் கீழே. அசைவு காதில் படவேண்டும், கண்ணைப் பறிக்கக் கூடாது.

பழைய பிஎஃப்-2 கிடைத்தால் அடியில் ஏசிஏ என்று போட்டிருக்கிறதா பார். அந்த வகை பழைய 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்தது. இப்போதைய 9 வோல்ட் அடாப்டரை நேரடியாகச் செருகினால் விளக்கு மங்கலாக எரியும், சத்தமும் சோர்ந்து வரும். பெடல் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். புதிதாக வாங்குவதானால் பிஎஃப்-3 போதும். அதில் பேஸுக்கென்றே தனி இன்புட் இருக்கிறது.

கல்லூரி மேடையில் அதிகமாக நடக்கும் கோளாறு இன்னொன்று. சவுண்டு ஆள் வந்து பேஸிலிருந்து நேராக, அரங்கின் ஒலி அமைப்புக்குச் சத்தத்தை அனுப்பும் டிஐ பெட்டிக்குள் ஒயரைச் செருகுவார், அங்கிருந்து ஒரு கிளை பெடலுக்கும் மேடையிலிருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கி) போகும். மேடையில் நிற்பவளுக்கு ஃபிளேஞ்சர் பிரமாதமாகக் கேட்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெறும் பேஸ்தான் வரும். பெடலுக்குப் பிறகுதான் டிஐ என்று முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். ஆம்பில் தாழ்ந்த ஒலியையும் (பேஸ்) உயர்ந்த ஒலியையும் (ட்ரெபிள்) ஏற்றி நடு ஒலியை (மிட்) குறைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடவேண்டும். மெட்டு 700-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் காதுக்குப் பிடிபடும். அதைக் குறைத்தால் வீட்டில் இனிக்கும், அரங்கில் மறையும்.

கிட்டார் வாசிக்கும் பையன் எல்லாத் தந்தியையும் சேர்த்து மீட்டி ஸ்ட்ரம் பண்ணவே கூடாது. ஒற்றை ஒற்றை நோட்டாக, சத்தத்தைத் தடிமனாக்கும் கோரஸும் எதிரொலி தரும் டிலேயும் போட்டு வாசிக்கட்டும். 160 வேகத்துக்கு ஒரு அடி 375 மில்லி செகண்ட், முக்கால் அடி 281. டிலேயில் இரண்டில் ஒன்றை வைத்து, மூன்று எதிரொலிக்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். டிரம்ஸ் இயந்திரம்போல ஒரே மாதிரி போகட்டும், நடுவே அலங்காரமாக அடிக்கும் ஃபில் ஆசை வேண்டாம். கடைசியில் எல்லாம் ஓய்ந்த பிறகு பேஸ் மட்டும் தனியாகச் சில அடி ஒலித்து நிற்கும். மேடையில் கேலப் அதை இழுத்து இழுத்து வாசிப்பார், கூட்டம் கைதட்டித் தாளம் போடும். அந்த இடம் அவளுடையது. அவசரப்பட்டு முடிக்க விடாதே.

அடுத்ததாக ‘ஃப்ரைடே ஐம் இன் லவ்’ பழகப்போகிறார்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பதிவோடு சேர்த்து வாசித்தால் சுருதி சேரவே சேராது, கிட்டாரில் குறை இல்லை. 1992-ல் வந்த அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது டேப் வேகத்தை மாற்றும் கருவியை ஸ்மித் அணைக்க மறந்துவிட்டார். பாட்டு இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் நடுவில் தொங்குகிறது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அதோடு சேர்த்து வாசிக்க ட்யூனரில் ஏ நோட்டை ஏறக்குறைய 453 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேண்டும், பல ட்யூனர்கள் 450-ஐத் தாண்டாது. கம்ப்யூட்டரில் பாட்டின் சுருதியை 50 சென்ட், அதாவது கால் கட்டை, இறக்கிக்கொள்வதுதான் சுலபம்.

இனி நீ கேட்ட இரண்டாவது கேள்வி. 1982-ல் ‘போர்னோகிராஃபி’ என்ற இருண்ட ஆல்பம், அதற்கான சுற்றுப்பயணத்தில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஸ்மித்துக்கும் கேலப்புக்கும் கைகலப்பு, கேலப் வெளியே. அத்தோடு குழு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஸ்மித் கொஞ்சகாலம் சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் என்ற குழுவில் கிட்டார் வாசித்தார். இன்னொரு பக்கம் டோல்ஹர்ஸ்ட்டை வைத்துக்கொண்டு ‘தி வாக்’, ‘தி லவ் கேட்ஸ்’ என்று குதூகலமான பாட்டுகளைப் போட்டார். இருட்டுக்காக வந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் குழுவைக் காப்பாற்றியது அந்தப் பாட்டுகள்தான் என்பது என் கட்சி. 1985-ல் கேலப் திரும்பியதும் ‘தி ஹெட் ஆன் தி டோர்’ வந்தது. இருட்டும் துள்ளலும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. 2021-ல் கேலப் மறுபடி விலகுவதாக அறிவித்தார், இரண்டு மாதத்தில் மறுபடி வந்துவிட்டார். டிரம்ஸில் போரிஸ் வில்லியம்ஸ் போய் ஜேசன் கூப்பர், கிட்டாரில் 2012-லிருந்து ரீவ்ஸ் கேப்ரல்ஸ். யார் வந்தாலும் போனாலும் ஸ்மித்தின் குரலும் கேலப்பின் பேஸும் இருக்கிறவரை கேட்பவனுக்கு அது தி க்யூர்தான். டோல்ஹர்ஸ்ட் கதை மட்டும் கசப்பு. குடியால் வாசிக்க முடியாத நிலை வந்து 1989-ல் நீக்கப்பட்டார். வழக்குப் போட்டு 1994-ல் தோற்றார்.

‘டிசின்டிக்ரேஷன்’ பற்றி எழுதாமல் முடியாது. 1989. உச்சம் அதுதான், இதில் நான் யாரோடும் சமரசத்துக்குத் தயாரில்லை. பேஸுக்கு மேலே இன்னொரு தாழ்ந்த மெட்டு கேட்கும் பார், அது ஃபெண்டர் பேஸ் சிக்ஸ். ஆறு தந்தி; சாதாரண கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே. ‘பிக்சர்ஸ் ஆஃப் யூ’வில் குரல் வர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். இந்தப் பொறுமையை அவர்கள் பின்னாலும் விடவில்லை. 2008-க்குப் பிறகு பதினாறு வருஷம் புது ஆல்பமே இல்லை. 2024 நவம்பர் 1-ல் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ வந்தது: எட்டே பாட்டு, முதல் பாட்டில் குரல் மூன்று நிமிடம் கழித்து, கடைசிப் பாட்டில் ஆறு நிமிடம் கழித்து. பிரிட்டனில் நேராக முதலிடம். 1992-ல் வந்த ‘விஷ்’ ஆல்பத்துக்குப் பிறகு அங்கே முதலிடம் அதுதான். பத்து விநாடியில் கொக்கி போடவேண்டும் என்று எல்லோரும் பதறும் காலத்தில்!

டிக்கெட் விவகாரம் சொல்கிறேன் என்றேன் இல்லையா. 2023 வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தேவைக்கேற்ப விலை ஏற்றும் முறையை ஸ்மித் மறுத்துவிட்டார். சில இடங்களில் 20 டாலருக்கே டிக்கெட். விற்ற நிறுவனம் போட்ட கட்டணங்கள் சிலருக்கு டிக்கெட் விலையையே தாண்டின. ஸ்மித் ட்விட்டரில் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பகிரங்கமாகக் கத்தினார். விளைவு, மிக மலிவான டிக்கெட் வாங்கியவர்களுக்கு டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திரும்பக் கிடைத்தது. கறுப்புச் சந்தையைத் தடுக்க டிக்கெட்டைப் பிறருக்கு மாற்ற முடியாதபடி செய்தார்கள். நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் மட்டும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அவளுக்கு இசைத்தட்டு வாங்கித் தரப்போவதாக எழுதியிருந்தாய். பார்த்து வாங்கு. ‘டிசின்டிக்ரேஷன்’ 1989-ன் ஒற்றை எல்பியில் பத்துப் பாட்டுதான். ‘லாஸ்ட் டான்ஸ்’, ‘ஹோம்சிக்’ இரண்டும் அதில் கிடையாது. மொத்தம் 72 நிமிடத்தை ஒரு தட்டில் அடைத்தால் பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலிந்துவிடும் என்பதால் இப்படி; சிடியில் பன்னிரண்டும் வந்தன. 2010-ன் இரட்டைத்தட்டுப் பதிப்பில் எல்லாம் இருக்கிறது. ‘கிஸ் மீ, கிஸ் மீ, கிஸ் மீ’யில் கதை தலைகீழ்: 1987-ன் இரட்டை எல்பியில் பதினெட்டுப் பாட்டு, அந்தக் காலத்து சிடியில் இடம் போதாமல் ‘ஹே யூ’ விடுபட்டது.

பேஸ் சிக்ஸ் வாங்கட்டுமா என்று கேட்டாயே, இப்போதைக்கு வேண்டாம். ‘எ ஃபாரஸ்ட்’ நான்கு தந்தி பேஸ் பாட்டு. பேஸ் சிக்ஸில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படியும் வெட்டுள்ள பட்டை) பிரிட்ஜ்வரை தந்தி நீளம் 30 அங்குலம்தான், சாதாரண பேஸில் 34. அதோடு வழக்கமாக வரும் 24-லிருந்து 84 வரையிலான (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) தந்திக் கட்டில் கீழ் ஈ தந்தி தொளதொளவென்று ஆடும். 95 தந்தியாக மாற்றினால் இறுக்கம் வரும், ஆனால் நட்டின் வெட்டை அகலப்படுத்த வேண்டும், பிரிட்ஜில் தந்தி படியும் சேடிலைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்திலுள்ள உலோகக் கோடுகள்) சுருதி சேராமல் போகலாம். இருக்கிற பேஸுக்குப் புதுத் தந்தி போட்டு, நல்ல கனமான பிக் நாலைந்து வாங்கிக் கொடு. ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து அனுப்பு. கேட்டுவிட்டு ஃபிளேஞ்சர் குமிழ்களைப் பற்றி இன்னும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்