ஆன்ட்டிக்குக் கிட்னி கிடைத்தது, கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டயாலிசிஸ் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வாரம் மூன்று நாள் எங்களிடம் வந்து, ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணி நேரம் மெஷினோடு கிடந்த ஒரு பழங்குடி அம்மாவுக்கு அடிலெய்டில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். இப்போது பாலைவனத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். "என் பெயரும் ஊரும் வேண்டாம், நடந்ததை எழுது" என்றார். நாங்கள் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். உதவியவர்களுக்கு நேரில் ஆங்கிலத்தில் சொல்லியாயிற்று, ஆனால் அவர்களில் தமிழர்களும் உண்டு, இங்கே நடப்பது மற்ற நம்மவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

சிறுநீரக நோய் இந்த மண்ணின் பழங்குடி மக்களுக்குத்தான் அதிகம், அதுவும் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பது மற்ற ஆஸ்திரேலியர்களைவிட வெகு குறைவு. காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே பலர் வழியில் நின்றுவிடுகிறார்கள். இதயத்துக்கு ஒரு டெஸ்ட், பல்லுக்கு ஒரு டெஸ்ட், ஸ்கேன் வேறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு ஊர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வட பிரதேசத்தில் (Northern Territory) இந்த அறுவை சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியே கிடையாது, எங்களுக்கு 1,500 கி.மீ. தெற்கே அடிலெய்டுதான். நடுவில் ஊரில் ஒரு சாவு என்றால் சடங்கு முடியாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள் (நாம் மட்டும் கிளம்புவோமா என்ன?), அதனால் ஒரு டயாலிசிஸ் தவறினால் ஃபைலில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதிவிடுவார்கள். ஆன்ட்டியின் ஃபைலிலும் அது இருந்தது. எங்கே எழுதினார்கள் என்பதை விடுங்கள், அந்த ஒற்றை வரிதான் அவரைப் பல காலம் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது என்பது என் எண்ணம்.

அதனால் முதல் நன்றி, அதைப் படித்துவிட்டு "ஏன் வரலைன்னு யாராவது அவங்களையே கேட்டீங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்ட சிறுநீரக டாக்டருக்கு.

அடுத்தது மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு. அத்தனை வருடமாகக் காகிதங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், ஆன்ட்டி மனதில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருடைய கிட்னி அது, இறந்தவருடையதா, அவர் சொந்தக்காரர்களுக்கு முழுச் சம்மதமா? இதற்குப் பதில் கிடைக்காமல் அவரால் சரி என்று சொல்ல முடியவில்லை. தானே மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒரு பெரியவர் வந்து, சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "தொட்டுப் பார்" என்றார். நாங்கள் கொடுத்த துண்டுப் பிரசுரங்கள் செய்யாத வேலை அது.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல எனக்கு வயது போதாது, அவ்வளவு முன்பே பாதை போட்டவர்கள். 2000-இல் கின்டோர், கிவிர்குரா என்ற பாலைவனப் பழங்குடி ஊர்களின் ஓவியர்கள் கூடி வரைந்த படங்கள் சிட்னியில் ஏலம் போய் பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அந்தப் பணத்தில் பிறந்ததுதான் பர்ப்பிள் ஹவுஸ், தொலைதூர ஊர்களுக்கே டயாலிசிஸைக் கொண்டுபோகும் பழங்குடியினரின் சொந்த அமைப்பு. 2004-இல், இங்கிருந்து 500 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. சொந்த மண்ணை விட்டு வந்து நகரத்தில் மெஷினுக்காகக் காத்துக்கிடந்தவர்கள் வீடு திரும்ப முடிந்தது. அந்த ஓவியர்களில் பலர் இன்று இல்லை; இறந்தவர் பெயரைச் சொல்வது இங்கே வழக்கமில்லை, நானும் எழுதவில்லை. 2017-இல் டார்வினில் நோயாளிகளையே கூட்டிப் பேச வைத்தவர், தானே டோரஸ் நீரிணைத் தீவுக்காரரான (அவர்களும் இந்த நாட்டின் பூர்வகுடிகள்தான்) சிறுநீரக டாக்டர் ஜாக்குலின் ஹியூஸ். 2019-இல் பழங்குடியினரின் சிறுநீரக மாற்றுக்கென்றே தேசிய அளவில் ஒரு பணிக்குழு அமைந்தது. நோயாளியை அலைய விடாமல் மாற்றுச் சிகிச்சைக் குழுவே தொலைதூர ஊர்களுக்கு வந்து பரிசோதிப்பது, நோயாளிக்கு நோயாளியே வழிகாட்டுவது எல்லாம் அதன் ஆதரவில் பரவியவை. ஆன்ட்டி மேலே ஏறியதும் இந்த இரண்டு படிகளில்தான்.

கிட்னி கொடுத்த குடும்பத்துக்கு என்ன சொல்ல? யாரென்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி. ஆன்ட்டி தான் சொல்லச் சொல்ல உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வைத்திருக்கிறார், பெயரில்லாமல் வந்து சேரும்.

அடிலெய்டு தமிழ்க் குடும்பத்துக்கு: அறுவைக்குப் பிறகு அவர் அங்கேயே தங்க வேண்டியிருந்த மாதங்களில் கிளினிக்குக்குக் காரில் கூட்டிப்போனீர்கள், சரி, அது எல்லோரும் செய்வது. ஆனால் அவர் கங்காரு வால் கேட்டதும் கடை கடையாகத் தேடி ஃப்ரீசரிலிருந்து வாங்கி வந்தீர்களே, அதை அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் ரசத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

அப்புறம் ஊர் கிளினிக்கின் சுகாதாரப் பணியாளர்கள். புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க ஆன்ட்டி சாப்பிடும் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுத்து, குளிரில் வைத்து, விமானத்தில் ஏற்றி அனுப்புவது இன்றும் நீங்கள்தான்.

கடைசியாக, அத்தனை மாதமும் ஆன்ட்டியின் நாய்களுக்குச் சோறு போட்ட அவருடைய பேரனுக்கு. நாய்கள் பட்டினி என்று கேள்விப்பட்டிருந்தால் தையல் பிரிப்பதற்கு முன்பே பஸ் ஏறியிருப்பார். உன் பெயரைத்தான் முதலில் போடச் சொன்னார் தம்பி, கடைசியில் போட்டதற்கு எனக்குத் திட்டு உண்டு.