செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அய்யா அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கையின் பிரதி அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேரும், படிப்பதும் படிக்காததும் அவர்கள் விருப்பம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் மன்றத்தில் நடந்தவற்றைச் சபை முன் வைக்கிறேன்.

சித்திரை முதல் நாள் கூட்டம் வழக்கம்போல் நடந்தது. சுதந்திர தினத்தன்று தலைவர் கொடியேற்றினார், மிட்டாய் வழங்கப்பட்டது. பாரதி பிறந்த நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டியும், பொங்கலுக்குக் கோலப்போட்டியும் நடந்தன. பரிசுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றதால் சொல்லவில்லை. டிசம்பரில் தபலா மேதை ஜாகிர் உசேன், மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் இருவரும் பத்து நாள் இடைவெளியில் மறைந்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கூட்டத்தில் அஞ்சலி செலுத்தினோம். நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது. சாவி என்னிடம் உள்ளது.

இனி, உங்களில் சிலர் ‘செயலாளரின் பொழுதுபோக்கு’ என்று பெயர் வைத்திருக்கும் கலைஞர் சந்திப்புக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவரை நம் வழக்கம் என்ன? ஒரு நாதஸ்வர வித்வானையோ எழுத்தாளரையோ அழைப்போம். மேடையில் நடுநாற்காலியில் உட்கார வைப்போம். அவரைப் பற்றி ஆறு பேர் பேசுவோம். பொன்னாடை, கேடயம், போட்டோ. கடைசியில் அவருக்கு ஏற்புரைக்கு ஐந்து நிமிடம். அவர் ‘எல்லோருக்கும் நன்றி’ என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார். அவர் செய்யும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நாம் கேட்டது கிடையாது. மேளமும் எழுத்தும் விளைந்த கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே மே மாதச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மேடை வேண்டாம், எல்லோரும் சமதளத்தில் நாற்காலி. சால்வை வேண்டாம், அந்தப் பணத்தை உறையில் போட்டுக் கொடுப்போம். புகழுரை வேண்டாம், கேள்விகள் மட்டும். அதிலும் ‘உங்கள் வாழ்வில் மறக்க முடியாத சம்பவம் எது’, ‘இளைய தலைமுறைக்கு நீங்கள் சொல்லும் அறிவுரை என்ன’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் தடை. தீர்மானம் நிறைவேறியது. ‘எங்களைக் கேட்காமல் செய்துவிட்டார்’ என்று இப்போது டீக்கடையில் சொல்பவர்களின் கையெழுத்தும் அந்தத் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். விருந்தினர்களின் பெயர்கள் அந்தந்த அழைப்பிதழில் அச்சானவை என்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை.

முதல் சந்திப்பு ஜூன் 29, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு. விருந்தினர் ஒரு சிறுகதை எழுத்தாளர், இரண்டு பிள்ளைகளின் தாய். அன்று இரவுதான் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஏழரை மணிக்கு அறையில் பாதி நாற்காலி காலி. இந்தியா ஜெயித்தது, மகிழ்ச்சி. ஆனால் போனவர்கள் இழந்தது இது: கதையில் வரும் பேச்சுகளை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டோம். பாத்திரம் தேய்க்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன் என்றார். ஒருவர் பேச ஆரம்பித்து, கையிலிருக்கும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் பேச்சை வெட்டிவிடுவாராம். “வீட்ல யாரும் அவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டதில்ல சார், என் கதைல மட்டும் எப்படி விடுவாங்க?” என்றார். கொண்டுவந்திருந்த நோட்டைக் காட்டினார். ஒரே பத்தி பக்கம் பக்கமாகத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தியதைவிட இரண்டு மூன்று வரி குறைவு. கடைசிப் பக்கத்தில் நாலே வரி மிஞ்சியிருந்தது. அச்சில் வந்ததும் அந்த நாலு வரிதான்.

இரண்டாவது சந்திப்பை ஆடி மாதத்தில் வைத்தோம். காரணம் இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மேளக்காரர்கள் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். ‘ஆடியில் ஏன் நல்ல காரியம்’ என்று ஆட்சேபித்த மூத்த உறுப்பினருக்கு இதுவே பதில். நாதஸ்வர வித்வானும் அவருடைய தவில்காரரும் சேர்ந்தே வந்தார்கள்.

காலையில் எழுந்து வாத்தியத்தை எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பெட்டியைத் திறந்தார். வாயில் வைத்து ஊதும் சீவாளிகளை நூலில் கோத்த கொத்தை எடுத்து, ஒன்றை வாயில் வைத்து நனைத்தார். ஊதிப் பார்த்தார், கீச்சென்றது. கழற்றினார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை விரலால் லேசாக அழுத்தி, நகத்தால் ஓரத்தைத் தடவி, வாத்தியத்தின் உச்சியில் இருக்கும் கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் செருகி ஊதியபோதுதான் முகம் தெளிந்தது. “முதல்ல வெச்சது நேத்து அருமையா பேசிச்சு. இன்னைக்கு காத்துல ஈரம், கோவிச்சுக்குது” என்றார். இப்போதெல்லாம் கல்யாண மண்டபங்களில் ஏ.சி. போட்டுவிடுகிறார்கள், அங்கே வேறு தொல்லை, ஆலாபனை முடிவதற்குள் சீவாளி காய்ந்து போகிறதாம். ஆற்றங்கரையில் வளரும் தட்டையைக் காயவைத்து, வேகவைத்து, சீவிக் கட்டுகிற விரற்கடைப் பொருள்தான். அது சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட வித்வானும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஆண்டின் சிறந்த கேள்வியைக் கேட்டவர் நம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விரல் வைக்கும் துளை ஏழு, சுரஸ்தானம் பன்னிரண்டு, கணக்கு உதைக்கிறதே என்றார். வித்வான் சிரித்துவிட்டார். அடியில் இன்னும் ஐந்து துளை இருக்கிறது, ஆனால் அதில் யாரும் விரல் வைப்பதில்லை, சுருதி சேர்க்க மெழுகு வைத்து அடைப்பதற்குத்தான் அது என்று காட்டினார். பிறகு ஒரே துளையில் விரலை அசைக்காமல் ஊதினார். சுரம் ஏறியது, இறங்கியது, நெளிந்தது. மூச்சின் அழுத்தமும் உதட்டின் பிடிப்பும்தான் மிச்சக் கணக்கைச் சரிசெய்கின்றன. அவருடைய தாத்தா காலத்தில் திமிரி நாதஸ்வரம், குட்டை, உயர்ந்த கட்டை, அதாவது சுருதி, வயல் தாண்டிக் கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைக் கையில் எடுத்த பிறகு எல்லோரும் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கினார்கள். சத்தம் இறங்கியது, பாட்டு ஏறியது என்று தம் தாத்தா குறைபட்டுக்கொண்டே ஒப்புக்கொள்வார் என்றார்.

சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி பற்றிக் கேட்டபோது இன்னொன்று சொன்னார். தளிகைக்கு, அதாவது நைவேத்தியத்துக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று வகை வகையாக மல்லாரி இருக்கிறது, பெரும்பாலும் கம்பீர நாட்டை, சாகித்யம், அதாவது பாட்டு வரி கிடையாது. “உக்காந்து வாசிக்கிறது கச்சேரி. சாமிக்கு முன்னால நாலு வீதியும் நடந்துக்கிட்டே வாசிக்கிறதுதான் வேலை. கால் தடுமாறினாலும் மூச்சு தடுமாறக் கூடாது” என்றார். தவில்காரர் விரலில் மாட்டும் கூடுகளைக் கழற்றிக் காட்டினார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தவை, எலும்புபோல் கெட்டியாக இருந்தன. தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு அந்தக் கூடு, இடப்பக்கமான தொப்பிக்குக் கழி. வாயால் சொல்ல வராத சொல் கையில் வராது என்று சொல்லிவிட்டு, தாளச் சொற்களின் சொற்கட்டைச் சொல்லிக் காட்டினார். அன்று வந்திருந்த ஒரு பேரன் கூட்டம் முடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் ‘தகிட தகிட’ என்று தட்டிக்கொண்டே இருந்தான். எனக்குக் கிடைத்த பொன்னாடை என்று அதை எடுத்துக்கொண்டேன்.

அன்றுகூட நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, ‘பேச்சு போதும், ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள்’ என்றார். வித்வான் பெருந்தன்மையாக வாசித்தார். கேட்டவர் பாட்டின் நடுவில் போன் பேச வெளியே போய்விட்டார். பெயர் வேண்டாம்.

புரட்டாசியில் நரசிங்கம்பேட்டைக்குப் போனோம். நாதஸ்வரம் செய்யும் ஊர், 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த வாத்தியம், நம் ஊருக்கு மிக அருகில். இத்தனை காலமாக நம்மில் பலர் மாயவரம் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களை நம்பி வேன் பேசினேன். காலையில் வேன் நின்ற இடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வேன்காரருக்கு ஆள் கணக்கில்லை, வாடகை முழுசாகத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

பட்டறையில் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த மரத்தைப் பார்த்ததும் வீட்டுத் தூண் என்று தெரிந்தது. ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் வெடித்துவிடும், எனவே பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற உத்தரம், தூண்களைத்தான் தேடி வாங்குகிறார்கள். கடைசலில் சுற்றவிட்டு, நீளத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துவதைப் பார்த்தோம். மேலே குறுகி, கீழே போகப் போக விரிய வேண்டும். உளி போகும் ஆழத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை, கையில் வரும் அதிர்வில்தான் தெரியும் என்றார் அந்த ஆசாரி. எங்களோடு வந்த ஒருவர் சமீபத்தில்தான் அக்ரகாரத்து வீட்டை இடித்துப் பழைய மரத்தை மொத்தமாக விற்றவர். அதன்பிறகு திரும்பும்வரை அவர் பேசவில்லை.

ஜனவரியில் பாகவத மேளா நாடகத்தில் பெண் வேடம் கட்டும் கலைஞர் வந்தார். மெலட்டூர், சாலியமங்கலம் பக்கத்து மரபு, நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடப்பது. வேலை வங்கியில், வீட்டில் தமிழ், மேடையில் தெலுங்கு. பிரகலாதனின் தாய் லீலாவதி வேடத்துக்குத் தெலுங்கு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்த தாளை இன்னும் வைத்திருக்கிறார். சேலை கட்டியதும் நடை தானாக மாறிவிடுமா என்று கேட்டதற்கு, “நடை முதல்ல வரணும். அது வரலேன்னா எவ்வளவு பின் குத்தினாலும் சேலை நிக்காது” என்றார். அடுத்து, மகனின் உயிருக்காகக் கணவனிடம் மன்றாடும் கட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் அய்யாவுக்கு ஒரு வரவேற்புக்குப் போக வேண்டியிருந்ததால் நன்றியுரையை முன்கூட்டியே நிகழ்த்தினார். நன்றி சொன்ன பிறகு விருந்தினர் எப்படிப் பேசுவார்? பதிவில் மிச்சம் இல்லாததற்குக் காரணம் இதுதான், கருவியில் கோளாறு எதுவும் இல்லை.

கருவி என்றதும் நினைவுக்கு வருகிறது. குரல் பதிவுக் கருவியும் சட்டையில் குத்தும் மைக்கும் வாங்கியதைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கருவி மன்றத்தின் சொத்து, ரசீது பொருளாளரிடம் உள்ளது, கருவி என் வீட்டில் இருப்பது மன்ற அறை ஒழுகுகிறது என்பதால்தான். பதிவுகளைக் கேட்டு எழுதித் தர ஒரு கல்லூரி மாணவிக்குச் சிறு தொகை கொடுத்தோம். ‘பேசியதைத் திரும்ப எழுதுவதற்குக் காசா’ என்றார்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு நாள் போதாது. சந்தேகம் உள்ளவர்கள் ஹெட்போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வந்தது செலவாயிற்று, கொஞ்சம் கூடவே செலவாயிற்று, கூடுதலை ஒருவர் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். அவர் யார் என்பது முக்கியமில்லை, அவர் அவசரப்படுத்தவும் இல்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பட்டியலில் 80-க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன, செலுத்தியவர்கள் பாதிக்கும் கீழே. இதில் மூன்று ஆண்டு பாக்கி உள்ளவர்களும் உண்டு. டிசம்பரில் சென்னை சபாக்களுக்கு இரண்டு மாதம் முன்பே ரயில் டிக்கெட் எடுத்து, கேன்டீன் மெனு உட்பட நமக்குப் போட்டோ அனுப்பும் அன்பர்கள் இவர்கள். அந்த மெனுவில் நாலு பேர் டிபன் சாப்பிடும் காசுதான் நம் ஓராண்டுச் சந்தா. சென்ற ஆண்டு அங்கே ஒரு விருதைச் சுற்றி எழுந்த தகராறைப் பற்றி நம் மாதக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் வாதாடியவர்களில், ஆடிச் சந்திப்புக்கு வந்தவர் ஒருவரே.

இடம் கொடுத்த மண்டப உரிமையாளருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், ஒவ்வொரு முறையும் சுண்டல் செய்து அனுப்பிய வீட்டாருக்கும், அழைப்பிதழ் அச்சடித்துவிட்டுப் பாக்கியைக் கேட்காமலிருக்கும் அச்சகத்தாருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. என்னால் முடிந்தவரை செய்தாயிற்று, உடம்பும் முன்போல் இல்லை. பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் சாவி, தீர்மானப் புத்தகம், கருவி எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராத பட்சத்தில், ஆடியில் தோல்பாவைக் கூத்துக்காரர் ஒருவரிடமும், ஐப்பசியில் நாவலாசிரியர் ஒருவரிடமும் பேசி வைத்திருக்கிறேன். இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இதுவரையிலான பேச்சுகளைச் சிறு புத்தகமாகப் போட அச்சகத்தில் விலை கேட்டிருக்கிறேன். பாக்கிச் சந்தா முழுவதும் வந்தால் அந்தத் தொகைக்குச் சரியாக இருக்கும். உதவியவர்கள் பெயர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரும், பக்கம் இப்போதைக்குக் காலியாகவே உள்ளது. பொருளாளர் தினமும் மாலை 5 முதல் 8 வரை தம் கடையில் இருப்பார். ரசீதுப் புத்தகம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளது, ஜிபே அட்டையும் ஒட்டியாயிற்று.

இப்படிக்கு,
செயலாளர்