செயலாளரின் ஆண்டறிக்கை: 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத் தமிழர்களாகிய நாம் பறவை பார்க்க ஒன்றுகூடத் தொடங்கி இது ஆறாவது ஆண்டு. ஏட்டில் 41 பேர் இருக்கிறோம். செயற்குழு ஐந்து முறை கூடியது. மே மாதம் டஞ்சனஸ் கூழாங்கல் கரைக்குப் போய் வந்தோம், காற்று பலமாக இருந்தது. ஜனவரி கடைசி வாரம் நடந்த தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் 14 வீடுகள் கலந்துகொண்டன. பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தது.

ஜூலையில் நார்ஃபோக்கின் டிரிமிங்கம் போனதைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு மணல் குழிச் சுவரில் ஐரோப்பியப் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக் கூடு வைத்திருந்தன. ஊரில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டானின் பெரிய உறவு. தெற்கு ஐரோப்பாவோடு நின்றுவிட வேண்டிய பறவை, வசந்தத்தில் காற்றும் வெயிலும் கூடிவந்தால் இலக்கைத் தாண்டி இங்கே வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். தட்டான் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியதை அவர்கள் எல்லோரும் ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் பார்த்தார்கள்.

பெம்ப்டன் பயணத்தைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். தென் அட்லாண்டிக்கில் இருக்க வேண்டிய கரும்புருவ அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்று 2021இல் யார்க்‌ஷயரின் அந்தச் செங்குத்துப் பாறைகளுக்கு வந்தது, 2022 கோடையிலும் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் “போவோம், போவோம்” என்றதால் 29 பேர் உட்காரும் வண்டி பேசினேன். 27 பேர் பெயர் கொடுத்தார்கள். காலை நாலரை மணிக்குக் கிளம்பும்போது 19 பேர். வராத எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் முன்கூட்டியே சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அல்பட்ராஸ் கடலுக்குள் போய்விட்டது, மாலை வரை காத்திருந்தும் திரும்பவில்லை. பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளை வாட்டிய ஆண்டு அது. பாறையடியில் செத்து மிதந்த கேனட்களைப் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் வண்டியில் யாரும் அதிகம் பேசவில்லை. வராத எட்டு இருக்கைக்கான பணம் இன்னும் முழுதாக வரவில்லை.

சரி, இந்த ஆண்டில் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சரளைக்குழி ஏரியில் மாதம் ஒரு ஞாயிறு நீர்ப்பறவை எண்ணுகிறோம். நாடு முழுவதும் நடக்கும் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பில் இது நம் பங்கு. பன்னிரண்டு ஞாயிறுகளில் ஒரு முறைகூட ஏழு பேருக்கு மேல் வரவில்லை. டிசம்பரில் நான் மட்டும்தான். நாமக்கோழியையும் குடுமி வாத்தையும் எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று சிலர் என் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவர்களுக்கான பதில் அக்டோபர் எண்ணிக்கை.

அன்று மூன்று பேர் வந்தோம்: நான், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, அப்புறம் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். முந்தைய நான்கு நாளும் கிழக்குக் காற்று. எண்ணி முடித்துவிட்டுத் திரும்பும்போது, கருமுள் புதர் வேலியோரம் அக்கா நின்றுவிட்டார். “தம்பி, பொறும். இது எங்கட வேலிக்குள்ள கேக்கிற சத்தமெல்லோ” என்றார். எனக்கு முதலில் கேட்கவில்லை. பிறகு கேட்டது: “சக்… சக்…” இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல், ஒரே சீரான இடைவெளியில். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். மார்கழி மாதம் எங்கள் ஊர் கருவேலம் புதரில் நாள் முழுக்கக் கேட்கும் சத்தம்தான்.

பிளித் நாணல் கதிர்க்குருவி. பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கோடையில் குஞ்சு பொரித்து, குளிருக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை போகும் பறவை. பெயரில் நாணல் இருந்தாலும் புதரையும் வேலியையும்தான் தேடும். தென்கிழக்கே போக வேண்டிய குருவிகளில் சில, பெரும்பாலும் முதல் முறை பறக்கும் இளசுகள், திசை மாறி மேற்கே வந்து பிரிட்டன் கரையில் இறங்குகின்றன. ஒரு காலத்தில் பெரிய அபூர்வம். பின்லாந்துப் பக்கம் அதன் எண்ணிக்கை பெருகியதால் இப்போது ஷெட்லாந்து போன்ற வடக்குத் தீவுகளில் ஆண்டுதோறும் தென்படுகிறது. ஆனால் ஒரு கென்ட் ஏரிக்கரையில் அது கிடைப்பது இன்றைக்கும் பெரிய விஷயம்.

ஏறக்குறைய நாற்பது விநாடி வெளியே வந்தது. சாம்பல் கலந்த மங்கிய பழுப்பு, முதுகில் எந்தக் கோடும் இல்லை. கண்ணுக்கு முன்னால் மட்டும் சற்றுத் தடித்த சின்னப் புருவம். கால் கறுத்தாற்போல். வாலையும் தலையையும் தூக்கி, வாழைப்பழம் மாதிரி வளைந்து நின்றது. சிறகு நுனி மிகக் குட்டை. இவ்வளவையும் இன்று எழுதுகிறேனே, அன்று அங்கேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. குழுவில் செய்தி போட்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் 16 பேர் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மாதமும் வராதவர்களில் ஒன்பது பேரை அன்றுதான் ஏரியில் பார்த்தேன். வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் எல்லோரும் புதரை நெருங்கினார்கள், இரண்டு பேர் வேலியைத் தாண்டினார்கள், ஒருவர் போனில் குரலை ஒலிக்கவிட்டார். நான் கார்களை விவசாயியின் வாசலிலிருந்து நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். குருவி மறுபடி வெளியே வரவில்லை. வந்தவர்களில் நான்கு பேர் சத்தத்தை மட்டும் கேட்டார்கள். கிடைத்த ஒரே படத்தில் இலையும் பாதி வாலும்தான் இருக்கின்றன. ஒருவரிடமும் ஒரு வரிக் குறிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து விவரம் எழுதி, பதிவுகளைச் சரிபார்ப்பவர்களுக்கு அனுப்பினேன். பிப்ரவரியில் பதில் வந்தது: சாதாரண நாணல் கதிர்க்குருவி அல்ல என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை, பதிவை ஏற்க இயலவில்லை. சிலர் இதைப் பாரபட்சம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த நாட்டில் பதிவு விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே, ஹேஸ்டிங்ஸைச் சுற்றி 1892 முதல் 1930 வரை கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஏராளமான அபூர்வப் பறவைகளை, நம்பத் தகுந்தவை அல்ல என்று 1962இல் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழ் ஆதாரத்தோடு எழுதியது. வெளிநாட்டில் சுட்ட பறவைகளை உள்ளூரில் பிடித்ததாக விற்றிருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்து, அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1959இல், அபூர்வப் பறவைகளின் பதிவுகளைச் சரிபார்க்கத் தனிக் குழு அமைந்துவிட்டது. யாராக இருந்தாலும் பார்த்ததை எழுத்தில் கொடுக்க வேண்டும். நமக்கும் அதே விதிதான், அதில் எனக்கு மறுப்பில்லை.

என் ஆற்றாமை வேறு. இந்தக் குருவியின் குரலைச் சிறுவயதிலிருந்தே காதில் வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? நாம் இருக்கிறோம். இங்குள்ள கைதேர்ந்த பறவை நோக்கர்கள்கூட ஒலிப்பதிவில் கேட்டுப் படிப்பதை அக்கா வேலியோரம் நடந்துகொண்டே கண்டுபிடித்தார். அந்த அறிவை எழுத்தில் வைக்க நமக்கு ஒரு வழி இல்லாமல் போயிற்று.

அதனால்தான் நோட்டுப் புத்தகம். சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் 60 புத்தகங்கள் அச்சடித்தேன். நேரம், வெளிச்சம், தூரம், காற்று, அலகு, புருவம், சிறகு நுனி, கால் நிறம், குரல், உடன் இருந்தவர் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் தலைப்பு. கடைசிப் பக்கங்களில் இங்கே எதிர்பார்க்கக்கூடிய 140 பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர். பெயர்களைச் சரிபார்க்கவே மூன்று மாத இரவுகள் போயின. செலவு 138 பவுண்ட். செயற்குழுவின் முன் அனுமதி இல்லாமல் செய்தேன் என்று இரண்டு பேர் எழுத்து மூலம் ஆட்சேபித்திருக்கிறார்கள். அனுமதி கேட்க மூன்று கூட்டங்களில் முயன்றேன், மூன்றிலும் குறைந்தபட்ச வருகை இல்லை என்பதை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் வேண்டாம் என்று இந்த அவை முடிவு செய்தால் தொகையை நானே ஏற்றுக்கொள்கிறேன். இதுவரை 22 பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். எழுதிக்கொண்டு வந்து காட்டியவர்கள் மூன்று பேர்.

நம் கென்டிலேயே நடந்த இரண்டு விஷயங்களை நினைவூட்டுகிறேன். 1989 பிப்ரவரியில் மெய்ட்ஸ்டனுக்குப் பக்கத்தில் லார்க்ஃபீல்டில், டெஸ்கோ கார் நிறுத்தத்துப் புதர்களில், வட அமெரிக்காவின் பொன்சிறகுக் கதிர்க்குருவி ஒன்று இருந்தது. பிரிட்டனில் அதற்கு முன் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஒரே வார இறுதியில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். 2009 செப்டம்பரில் ஸ்வேல் நீரிணையில் வட பசிபிக்கின் குடுமி பஃபின் என்ற கடற்பறவை வந்தது, அதுவும் இந்த நாட்டுக்கு முதல் பதிவு. அதைப் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். வழக்கமாக அந்தக் கரையில் நிற்பவர்கள் அன்றும் நின்றார்கள், அவ்வளவுதான். லார்க்ஃபீல்டில் கூட்டம் சேர்ந்ததற்கும், தெருவோரத்துப் புதரைக்கூட விடாமல் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு இருந்ததே காரணம்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக: சந்தா, பயணக் கட்டணம், பொங்கல் நன்கொடை ஆகியவை வரவு. மண்டப வாடகை, வண்டி, ஸ்கோப் பழுது, நோட்டுப் புத்தகம் ஆகியவை செலவு. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் கடன் இல்லை. பயண ரசீதுகள் சில இன்னும் வர வேண்டியிருப்பதால் தணிக்கை முடியவில்லை.

ஆண்டுச் சந்தா 12 பவுண்ட். கட்டியவர்கள் 17 பேர், 24 பேர் பாக்கி. அதில் ஆறு பேருக்கு மூன்றாவது ஆண்டாகப் பாக்கி. பெயர்களை இங்கே வாசிக்க எனக்கு மனமில்லை. கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரையும் நீக்கப் போவதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் போய் ஒரு பறவையைப் பார்க்க முடிகிறவர்களால் இதைக் கட்ட முடியாது என்று நான் நம்பவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஏரிக்குள் நம்மை அனுமதிக்கும் விவசாயிக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், பயணங்களில் இட்லி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கும் நன்றி. ஏரி எண்ணிக்கைக்கு 11 முறை வந்த அந்தத் தம்பிக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். செயலாளர் பொறுப்பில் இது எனக்கு நான்காவது ஆண்டு. வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். வராவிட்டால் தொடர்வேன், ஆனால் ஏரி எண்ணிக்கையைத் தனியாக இன்னொரு குளிர்காலம் தாங்க என் முழங்கால் இடம் தராது. ஒரு ஞாயிறுக்கு நான்கு பேர் என்று முறை வைத்துப் பிரித்தால், 41 பேருக்கும் ஆண்டுக்கு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள்தான் வரும். முறைப்பட்டியல் வாசலருகே மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.

அக்கா ஜனவரியில் யாழ்ப்பாணம் போயிருந்தார். தன் வீட்டுக் கிளுவை வேலிக்கு முன்னால் விடியற்காலை நின்று, போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்பினார். சேவல் கூவுகிறது, தூரத்தில் கோயில் மணி, நடுவில் “சக்… சக்…” நம் பதிவுக்கு இது ஆதாரமாகாது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஏரியில் கேட்டது அதேதான். தேநீர் இடைவேளையில் ஒலிக்கவிடுகிறேன், கேட்டுப் பாருங்கள். அடுத்த எண்ணிக்கை ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, காலை எட்டு மணி, கிழக்கு வாசல்.

இப்படிக்கு,
செயலாளர்