பாஸ், ஃபெயில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஸ்எஸ்எல்சி (பத்தாம் வகுப்பு), இரண்டாம் பியு (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வு முடிவு வரும் நாட்களில் பெங்களூரின் ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக்நகர் வீடுகளில் இரண்டே பேச்சுதான்: 'கலக்கிட்டா', இல்லையென்றால் 'மானத்தை வாங்கிட்டா'. கணக்கில் 58 வாங்கியவளையும் தேர்வுக்கே போகாதவளையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம். இந்த நினைப்பின் பெரிய கேடு, மிச்சமிருக்கும் வேலையையும் கைவிட வைப்பது. முதல் பெரிய கணக்கு தவறியதும் 'எல்லாம் போச்சு' என்று தெரிந்த கணக்குகளையும் போடாமல் வந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

எண்ணங்களைச் சோதித்துத் திருத்த, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த சிகிச்சை முறையில் இதற்கு ஓர் எளிய பயிற்சி இருக்கிறது. வெள்ளைத்தாளில் ஒரு கோடு. இடது முனையில் 0, வலது முனையில் 100. புள்ளி வைக்கும் முன் இரு முனைக்கும் பொருள் எழுத வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கணக்குப் பாடம் என்றால் 0 என்பது புத்தகத்தையே திறக்காதவர். 100 என்பது எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல், நேரத்துக்குள் போடுபவர். அங்கே 'டிஸ்டிங்ஷன்' என்று எழுதினால் கோடு மறுபடி 'வாங்கினாள், வாங்கவில்லை' என்ற இரண்டு பெட்டிகளாகிவிடும். 'நல்ல மாணவி' என்ற தலைப்பும் உதவாது. அதை அளக்க முடியாது.

58 வாங்கிய மகள் தன்னை 5-ல் வைப்பாள். மறுத்துப் பேசாதீர்கள். புத்தகத்தையே தொடாதவர் எங்கே, டியூஷன் போயும் 30 வாங்கியவர் எங்கே என்று அவளையே குறிக்கச் சொல்லுங்கள். 5-க்குக் கீழே அவர்களுக்கெல்லாம் இடம் போதாது, தன் புள்ளியை அவளே வலப்பக்கம் நகர்த்துவாள். பிறகு கணக்கைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு போடுங்கள்: சூத்திரம் நினைவிருத்தல், படிப்படியாக எழுதுதல், வேகம், கவனப்பிழை. வேகம் 20-ல் நின்றால் அடுத்த வேலை தெளிவு: வாரம் இரண்டு பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து. பாடம் முழுவதையும் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை.

அழுதுகொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி எழுந்த மறுநாள் போதும். பேனா பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். அப்பா வைக்கும் புள்ளி இன்னொரு தீர்ப்பு. 'பரவாயில்லம்மா, நீதான் டாப்பர்' என்று தேற்றுவதும் அதே இரண்டு பெட்டிப் பேச்சுதான், பிள்ளை அதை நம்பாது. இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். கட்-ஆஃபுக்கு ஒரு மார்க் குறைந்தால் அந்த சீட் கிடைக்காது. அதில் நடுவழி கிடையாது. அந்த முடிவு உண்மை. ஆனால் 'நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லை' என்பது அந்த முடிவில் எங்கேயும் எழுதப்படவில்லை.

கர்நாடகத்தில் 2024 முதல் இந்த இரு தேர்வுகளும் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் நடக்கின்றன. அவற்றில் சிறந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம். முடிவு வந்த பிறகு வீட்டில் பேச வேண்டியது இது. பிள்ளை 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி பேசினால் தாளையும் கோட்டையும் ஒதுக்கிவிட்டு, தனியே விடாமல், உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நம் ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் இந்தச் சேவைக்குத் தலைமை மையம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். முடிவு வெளியாகும் நாளில் முதலிடம் பெற்றவர்களின் படத்தோடு, அடுத்த தேர்வுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கக் கடைசித் தேதியையும், 14416 என்ற எண்ணையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மாணவர் ஆலோசகர்கள்,
அல்சூர், பெங்களூரு.