ஏரியை மட்டும் நம்பிவிடாதே

அன்பு மகளுக்கு,

கடலோரத் தேசியப் பூங்காவில் கூடாரம் போட இடம் பதிவு செய்துவிட்டதாக நீ எழுதியதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், மணல்மேட்டைத் தாண்டினால் ஏரி. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விடுமுறை அமையாது. கூடவே, "கடலில் இறங்கவே விடமாட்டேன், ஏரியில்தான் விளையாடுவார்கள், நீ கவலைப்படாதே அம்மா" என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அலை எழும்பி இரைகிற கடலைப் பார்த்தால் குழந்தைகூட ஓரடி பின்வாங்கும். ஏரியைப் பார்த்து யாரும் பின்வாங்குவதில்லை. பெரியவர்கள் கரையில் பாயை விரித்துப் பேச உட்கார்ந்துவிடுகிறோம். கடலை ஒட்டிய ஏரிகள் பலவற்றுக்கு, கடலோடு சேரும் முகத்துவாரம் உண்டு. கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது உள்ளே வந்த தண்ணீர் முழுவதும், மட்டம் தாழும் வற்றத்தின்போது அந்த ஒடுங்கிய வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்ப வேண்டும். மேலே சலனமே தெரியாது. ஆனால் சின்னவன் முழங்காலளவு தண்ணீரில் நின்றாலும் காலடி மணல் அரித்துக்கொண்டு போகும், அவனையும் இழுக்கும். முகத்துவாரத்தின் பக்கம் குழந்தைகள் போகவே வேண்டாம். மற்ற இடங்களிலும் அடித்தரை திடீரென்று பள்ளமாகலாம். முதலில் மாப்பிள்ளை இறங்கி நடந்து பார்க்கட்டும்.

காற்றையும் கவனி. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும், பிற்பகலில் பலமாகும். நீங்கள் மணல்மேட்டை ஒட்டிய கரையில் இருந்தால் அந்தக் காற்று உங்கள் முதுகில் பட்டு ஏரியின் நடுவை நோக்கிப் போகும். காற்றடைத்த மிதவையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால், நீ எழுந்து ஓடி நீந்துவதற்குள் அது கைக்கு எட்டாத தூரம் போய்விடும். அந்த மிதவைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. தண்ணீரின் மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் படலம் இருந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. அந்தப் பாசியில் நஞ்சு இருக்கலாம், தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது.

நீங்கள் இருவரும் கடலில் இறங்காமல் இருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் அமைதியாகத் தெரிகிற இடத்தை நம்பாதே. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்திருக்க, நடுவில் மட்டும் அலையில்லாமல் கருத்த பட்டையாகத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகிறது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையை விட்டு விலகலாம்.

கூடாரத்தைக் குறித்துக் கொடுத்த இடத்தில்தான் போட வேண்டும். அதற்குள் ஏரியைவிட்டுத் தள்ளிய மூலையைப் பிடி. தண்ணீரை ஒட்டினால் கொசுவும் அதிகம், பனியும் அதிகம், விடியும்போது துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தலைக்கு மேல் காய்ந்த கிளை இல்லாமல் பார்த்துக்கொள். மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மிதித்துவிடு. இரவில் காற்று திசை மாறினாலும் அசையாது.

நெருப்பு மூட்ட அனுமதி இருந்தால், அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதே. மேலே ஆறினதுபோல் இருக்கும், அடியில் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவருகிற குழந்தைக்கு அது தெரியாது. தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே பிடித்துப் பார்த்த பிறகுதான் படுக்கப் போக வேண்டும்.

மணல்மேட்டுக் கொடிகளை மிதிக்காமல் பாதையிலேயே நடக்கச் சொல். அவற்றின் வேர்தான் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கடலாமை முட்டையிடும் கடற்கரையாக இருந்தால் இரவில் டார்ச் அடிக்காதீர்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று எண்ணிப் போகும். பெரியவளுக்கு நீயே இதை விளக்கிச் சொல், அவள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள்.

உங்கள் இடத்திலிருந்து முகத்துவாரம் எவ்வளவு தூரம், அந்த நாட்களில் ஏற்றவற்றம் எத்தனை மணிக்கு என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டு எனக்கும் எழுது. பௌர்ணமியோ அமாவாசையோ அந்த நாட்களை ஒட்டி வந்தால் ஏற்றமும் பெரிது, வற்றத்தின் இழுவையும் பெரிது. லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார். காதுவரை ஏறி வந்தால் அது பெரிது. அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்று அதை வாங்கிவிடாதே.

அன்புடன்,
அம்மா